கொசோவோ: நூறு நாடுகள் ஏற்ற பிறகும் ஐ.நா.வில் இடம் இல்லாதது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கொசோவோ 2008-லேயே சுதந்திரம் அறிவித்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பிறகு ஏன் இன்னும் ஐ.நா.வில் சேர முடியவில்லை? சட்டப்படி அது ஒரு நாடா, இல்லையா? உக்ரைனிலிருந்து கிரைமியாவும் ஜார்ஜியாவிலிருந்து அப்காசியாவும் பிரிந்தது தவறு என்றால், கொசோவோ பிரிந்தது மட்டும் எப்படிச் சரி?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பகுதி மக்கள் சுதந்திரம் அறிவிப்பதைச் சர்வதேசச் சட்டம் பொதுவாகத் தடை செய்யவில்லை. ஆனால் பிரிந்து போக அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் அது சொல்வதில்லை. அறிவித்த பிறகு அதை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வோர் அரசும் தன் நலனையும் பயத்தையும் பார்த்து எடுக்கும் அரசியல் முடிவு. கொசோவோ இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாடுகள் அங்கீகரித்தன என்று இரு தரப்பும் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. என் பார்வையில் அந்த எண்ணிக்கையை விட முக்கியமானது, இதுவரை கிடைக்காத ஒரே ஓர் ஒப்புதல். கொசோவோ எந்த நாட்டிலிருந்து பிரிந்ததோ, அந்தச் செர்பியாவின் ஒப்புதல் அது. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் இருக்கும் கொசோவோ மிகச் சிறிய நிலப்பரப்பு, ஏறத்தாழ 10,900 சதுர கிலோமீட்டர். 2024 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 16 லட்சம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அல்பேனியர்கள். ஆனால் செர்பியர்களின் மனதில் அது அவர்களுடைய வரலாற்றின் மையம். 1389-இல் ஒட்டோமான் படையோடு நடந்த கொசோவோ போர்தான் அவர்களுடைய வீரக்கதைகளின் ஊற்று. செர்பியத் திருச்சபையின் பழைய தலைமைப் பீடம் பெச் நகரில் இருக்கிறது. தெச்சானி மடாலயம் போன்ற இடைக்காலக் கோயில்களும் அங்கேதான். ஒரே மண்ணை ஒரு தரப்பு "நாங்கள் வாழும் இடம்" என்றும், இன்னொரு தரப்பு "நாங்கள் தோன்றிய இடம்" என்றும் பார்க்கிறது. இரண்டும் உண்மைதான். அதனால்தான் இது வெறும் எல்லைத் தகராறாக ஒருபோதும் இருந்ததில்லை.

சோஷலிச யூகோஸ்லாவியாவில் ஆறு குடியரசுகள் இருந்தன. கொசோவோ அவற்றில் ஒன்று அல்ல. செர்பியக் குடியரசுக்குள் இருந்த ஒரு தன்னாட்சி மாகாணம். 1974 அரசியலமைப்பு அதற்குக் குடியரசுக்கு நிகரான அதிகாரங்களைக் கொடுத்தது. கூட்டாட்சித் தலைமைக் குழுவில்கூட ஓர் இடம் கிடைத்தது. ஆனால் பெயர் மட்டும் "மாகாணம்". இந்த வேறுபாடு அப்போது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கும். பதினேழு ஆண்டுகள் கழித்து யூகோஸ்லாவியா உடைந்தபோது இதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஐரோப்பிய நாடுகள் அமைத்த பாதின்தேர் ஆணையம், குடியரசுகளின் எல்லைகளே புதிய நாடுகளின் எல்லைகள் என்று முடிவு செய்தது. ஸ்லோவேனியாவுக்கும் குரோவேஷியாவுக்கும் கதவு திறந்தது. 1991 இறுதியில் கொசோவோ அல்பேனியத் தலைவர்களும் அங்கீகாரம் கேட்டார்கள். அவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. அல்பேனியா ஒன்றுதான் அவர்களை ஏற்றது.

அதற்கு முன்பே, 1989-இல், செர்பியத் தலைவர் ஸ்லோபோதான் மிலோசெவிச் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்துவிட்டார். அல்பேனிய மொழிப் பள்ளிகளும் பல்கலைக்கழகமும் முடக்கப்பட்டன. மருத்துவர்களும் ஆசிரியர்களும் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதற்கு எதிராக இப்ராஹிம் ருகோவா தலைமையில் அந்த மக்கள் செய்ததைத் தமிழில் அதிகம் பேர் எழுதவில்லை. அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. தனியார் வீடுகளில் வகுப்புகள் நடத்தினார்கள். தங்களுக்குள் வரி வசூலித்தார்கள், சொந்த மருத்துவமனைகளையும் நடத்தினார்கள். அரசுக்குள் ஓர் இணை அரசு பல ஆண்டுகள் அமைதியாக இயங்கியது.

அந்த அமைதிக்கு உலகம் கொடுத்த பதில் 1995-இல் வந்தது. போஸ்னியப் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தத்தில் கொசோவோவைப் பற்றி ஒன்றுமே இல்லை. பொறுமையாக இருந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, போரிட்டவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தார்கள் என்று இளைஞர்கள் முடிவுக்கு வந்தார்கள். கொசோவோ விடுதலைப் படை வளர்ந்தது இதற்குப் பிறகுதான். இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த கோபம் வருவது இந்த இடத்தில். பிற்பாடு "ஏன் ஆயுதம் எடுத்தீர்கள்" என்று கேட்ட அரசுகளில் பல, ஆயுதம் எடுக்காத ஆண்டுகளில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

1998-இல் முழுப் போர். 1999 மார்ச் 24 அன்று நேட்டோ குண்டுவீச்சைத் தொடங்கியது. பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி இல்லாமல். 78 நாட்கள் நீடித்தது. அந்த வாரங்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்கள் எல்லைக்கு வெளியே விரட்டப்பட்டனர். போரிலும் அதையொட்டிய வன்முறையிலும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 13,000-க்கும் அதிகம். கொல்லப்பட்ட அல்பேனியர்களின் உடல்கள் லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டு, செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்கு அருகில் பதாய்னிட்சா என்ற இடத்தில் புதைக்கப்பட்டது 2001-இல் வெளியே வந்தது. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செர்பியப் படைகள் வெளியேறிய பிறகு கொசோவோ செர்பியர்களும் ரோமா மக்களும் பழிவாங்கலுக்கு ஆளாகிப் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினார்கள். 2004 மார்ச் கலவரத்தில் 19 பேர் இறந்தார்கள், செர்பியத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. தெச்சானி மடாலயத்துக்கு இன்றும் நேட்டோ தலைமையிலான அமைதிப் படைதான் காவல்.

சரி, சட்டச் சிக்கலுக்கு வருவோம். போரை முடித்த பாதுகாப்பு கவுன்சில் தீர்மானத்தின் எண் 1244. நாள் 1999 ஜூன் 10. இரு தரப்பும் இன்றுவரை இதையேதான் மேற்கோள் காட்டுகின்றன. அதன் முன்னுரை யூகோஸ்லாவியாவின் (அப்போது செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் மிஞ்சியிருந்த கூட்டரசு அது) இறையாண்மையையும் பிரதேச ஒருமைப்பாட்டையும் உறுதிப்படுத்துகிறது. ஆனால் நடைமுறையில் அது செர்பிய ஆட்சியை அங்கிருந்து முழுவதுமாக அகற்றி, நிர்வாகத்தை ஐ.நா.வின் கையில் கொடுத்தது. இறுதி நிலை என்ன என்பதைப் பிற்பாடு நடக்கும் ஓர் அரசியல் முயற்சிக்கு விட்டுவிட்டது. அது எப்போது, எப்படி முடிய வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லோரையும் கையெழுத்திட வைக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட வாசகம் அது. போரை நிறுத்த அது உதவியது. அதற்கான விலையைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி ஐ.நா. தூதராகப் பல மாதங்கள் பேச்சு நடத்தினார். ஒத்துப்போக வழியே இல்லை என்று கண்டு, சர்வதேசக் கண்காணிப்போடு கூடிய சுதந்திரத்தை 2007-இல் பரிந்துரைத்தார். ரஷ்யா எதிர்த்ததால் பாதுகாப்பு கவுன்சிலில் அது நகரவில்லை. 2008 பிப்ரவரி 17 அன்று கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவில் கூடிய பிரதிநிதிகள் சுதந்திரம் அறிவித்தார்கள். மறுநாளே அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும் அங்கீகரித்தன. அஹ்திசாரியின் திட்டம் புதிய அரசியலமைப்பில் அப்படியே இடம்பெற்றது. நாடாளுமன்றத்தின் 120 இடங்களில் 20 சிறுபான்மையினருக்கு, அவற்றில் 10 செர்பியர்களுக்கு. வேறு எந்த நாட்டோடும் இணையக் கூடாது என்பதும் அதில் எழுதப்பட்டது. அதாவது அல்பேனியாவோடு சேர்ந்துவிட முடியாது. தேசிய கீதத்துக்குப் பாடல் வரிகளே கிடையாது, இசை மட்டும்தான். எந்த மொழியில் எழுதினாலும் யாராவது விலக்கப்பட்டதாக உணர்வார்கள் என்பதால்.

இப்போது யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஐந்து நாடுகள் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை: ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா. ஸ்பெயினுக்குக் கட்டலோனியாவும் பாஸ்க் பகுதியும். சைப்ரஸின் வடக்குப் பகுதி 1983-இல் தனி நாடாக அறிவித்துக்கொண்டது, துருக்கி மட்டுமே அதை ஏற்கிறது. கிரீஸ் சைப்ரஸோடு நிற்கிறது. ருமேனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியச் சிறுபான்மையினர் கணிசமாக இருக்கிறார்கள். கொசோவோவில் என்ன நடந்தது என்பதைப் பற்றி இந்த ஐந்து நாடுகளுக்கும் ஜெர்மனிக்கும் தகவலில் ஒரு வேறுபாடும் இல்லை. எல்லோரிடமும் இருப்பது ஒரே அறிக்கைகள்தான். வேறுபாடு அவரவர் நாட்டுக்குள்.

தெற்காசியாவிலும் இதே கதைதான். இந்தியா அங்கீகரிக்கவில்லை. எல்லா நாடுகளின் இறையாண்மையும் பிரதேச ஒருமைப்பாடும் மதிக்கப்பட வேண்டும், பிரச்சினை பேச்சுவார்த்தையில் தீர்ந்திருக்க வேண்டும், இந்த அறிவிப்பில் பல சட்டக் கேள்விகள் இருக்கின்றன என்று 2008-இல் டெல்லி சொன்னது. காஷ்மீரையும் வடகிழக்கையும் மனதில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். இலங்கை இன்னும் கடுமையாகப் பேசியது. போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. செர்பியாவின் பெரும்பான்மை மக்களின் ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்பட்ட முடிவு இது, கட்டுப்படுத்த முடியாத முன்னுதாரணம் ஆகிவிடும் என்று கொழும்பு எச்சரித்தது. "பெரும்பான்மை மக்களின் ஒப்புதல்" என்ற அளவுகோலை அந்த அறிக்கை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதை ஈழத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுபக்கம் மலேசியா, மாலத்தீவு, பாகிஸ்தான், சிங்கப்பூர், பங்களாதேஷ் எல்லாம் வெவ்வேறு ஆண்டுகளில் அங்கீகரித்துவிட்டன.

இன்னொரு தகவல் பலருக்கு வியப்பாக இருக்கும். உக்ரைன் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை. ஜார்ஜியாவும் இல்லை. மேற்குலகோடு எவ்வளவு நெருங்கினாலும், தங்கள் நிலத்தின் ஒரு துண்டு பிரிக்கப்பட்ட வலி இருப்பவர்களால் அந்தக் கோட்டைத் தாண்ட முடியவில்லை.

செர்பியா இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. ஐ.நா. பொதுச் சபை 2008 அக்டோபரில் 77 ஆதரவு, 6 எதிர்ப்பு, 74 நடுநிலை என்ற வாக்குகளோடு சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்டது. அந்த 74-ஐக் கவனியுங்கள். அங்கீகரித்த நாடுகளில் பெரும்பாலானவை வழக்கையும் எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் தங்களுக்குச் சங்கடம் என்று பலருக்குத் தெரிந்திருந்தது. வாய்மொழி விசாரணையில் சீனாகூட வந்து வாதிட்டது. மக்கள் சீனக் குடியரசு அந்த நீதிமன்றத்தின் முன் அப்படி வாதிட்டது அதுவே முதல் முறை.

2010 ஜூலை 22 அன்று கருத்து வந்தது. 10-க்கு 4 என்ற கணக்கில், சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். பிரிஷ்டினா தெருக்களில் கொண்டாட்டம். உலகம் முழுக்கப் பிரிவினை கேட்கும் பல தரப்புகளும் இதைத் தங்களுக்கான பச்சைக்கொடியாக எடுத்துக்கொண்டன. அந்த ஆவணத்தை நிதானமாகப் படித்தால் அப்படி எதுவும் அதில் இல்லை.

நீதிமன்றம் தன் முன் இருந்த கேள்வியை மிகக் குறுக்கிக்கொண்டது. "அறிவிப்பு சட்டத்துக்கு ஏற்றதா" என்றுதான் கேட்டிருக்கிறார்கள், கொசோவோ நாடாகிவிட்டதா என்று கேட்கவில்லை, மற்ற நாடுகளின் அங்கீகாரம் செல்லுமா என்றும் கேட்கவில்லை, ஆகவே அவற்றைத் தொட மாட்டோம் என்றது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கடைசித் தீர்வாகப் பிரியும் உரிமை உண்டா என்ற, எல்லோரும் காத்திருந்த கேள்விக்கும் அதே பதில்தான்: இந்த வழக்கில் அதைத் தீர்க்கத் தேவையில்லை. அறிவிப்பது தடை செய்யப்படவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டது. தடை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. இந்த இரண்டையும் கலப்பதால்தான் பதினைந்து ஆண்டுகளாக விவாதங்கள் திசைமாறிப் போகின்றன.

ஆனால் அதே கருத்தில், அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. என்னைக் கேட்டால் முழு ஆவணத்திலும் மிகப் பயனுள்ள பகுதி அதுதான். முன்பு சில சுதந்திர அறிவிப்புகளைப் பாதுகாப்பு கவுன்சில் கண்டித்திருக்கிறதே என்ற வாதத்துக்கு நீதிமன்றம் பதில் சொல்கிறது. 1965-இல் வெள்ளையர் ஆட்சியின் தெற்கு ரொடீசியா, 1983-இல் வடக்கு சைப்ரஸ், 1992-இல் போஸ்னியாவின் செர்பியக் குடியரசு. அவை சட்டவிரோதமானது ஒருதலைப்பட்சமாக அறிவித்ததால் அல்ல. சட்டவிரோதமான படைப் பிரயோகத்தோடோ, மிக அடிப்படையான சட்ட நெறிகளின் கடுமையான மீறலோடோ அவை பிணைந்திருந்ததால் என்கிறது. கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, அதாவது கிரைமியாவுக்கு, விடை தேட வேண்டிய இடம் இது.

ரஷ்யா கொசோவோவைக் கடுமையாக எதிர்த்தது. ஆனால் அதே 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவோடு போரிட்டுவிட்டு, ஆகஸ்ட் 26 அன்று அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் அங்கீகரித்தது. நிகரகுவா, வெனிசுவேலா, நவ்ரூ என்று ஒரு சில நாடுகளே பின்தொடர்ந்தன. 2014-இல் கிரைமியா நாடாளுமன்றம் வெளியிட்ட சுதந்திர அறிவிப்பு கொசோவோ பற்றிய நீதிமன்றக் கருத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. மேற்கு நாடுகள் "கொசோவோ ஒரு தனிச் சம்பவம், முன்னுதாரணம் ஆகாது" என்று சொல்லி வந்ததற்குக் கிடைத்த பதில் அது. கொசோவோவின் அறிவிப்பிலேயே இது முன்னுதாரணம் அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று முன்னுதாரணமா இல்லையா என்பதை அதைச் செய்தவர் முடிவு செய்ய முடியாது. பின்னால் வருபவர்தான் முடிவு செய்கிறார். அந்த "தனிச் சம்பவம்" வாதம் மேற்கு நாடுகளின் மிக பலவீனமான வாதம் என்றே நினைக்கிறேன். அதை அவர்கள் கைவிட்டு, உண்மையான வேறுபாடுகளைப் பேசியிருக்க வேண்டும்.

உண்மையான வேறுபாடுகள் இருக்கின்றன. கொசோவோவில் பத்தாண்டு ஒடுக்குமுறையும், பெருந்திரள் வெளியேற்றமும், ஒன்பது ஆண்டு ஐ.நா. நிர்வாகமும், நீண்ட பேச்சுவார்த்தையும் அறிவிப்புக்கு முன்பே நடந்திருந்தன. கிரைமியாவில் 2014 பிப்ரவரி இறுதியில் அடையாளச் சின்னம் இல்லாத ரஷ்யப் படையினர் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றினார்கள். மார்ச் 11 அன்று அறிவிப்பு, 16 அன்று வாக்கெடுப்பு, 18 அன்று ரஷ்யாவோடு இணைப்பு. ஒரு வாரம்கூடத் தனி நாடாக இருக்கவில்லை. அந்நியப் படையின் நிழலில் நடந்த அறிவிப்பு என்பதால், நீதிமன்றம் சொன்ன விதிவிலக்குக்குள் அது நேராக விழுகிறது. நேட்டோ 1999-இல் அனுமதியின்றிக் குண்டு வீசியதும் சட்டவிரோதம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் குண்டுவீச்சைச் சட்டப்படி நியாயப்படுத்துவது கடினம். ஆனால் அதற்கும் 2008 அறிவிப்புக்கும் நடுவில் பாதுகாப்பு கவுன்சிலே ஏற்படுத்திய ஒரு நிர்வாகம் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. அப்காசியாவின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களுக்கும் 1992-93 போரின் உண்மையான காயங்கள் உண்டு. ஆனால் அந்தப் போரில் அங்கிருந்து விரட்டப்பட்ட ஜார்ஜியர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களை வெளியே வைத்துவிட்டு "மக்களின் விருப்பம்" என்று எப்படிச் சொல்வது?

எத்தனை நாடுகள் என்ற கணக்கிலேயே தகராறு இருக்கிறது. நூற்றுப் பத்துக்கு மேல் என்கிறது கொசோவோ. செர்பியா சொல்லும் எண் வெகுவாகக் குறைவு. காரணம், செர்பியா 2017-இலிருந்து சிறிய நாடுகளை அணுகி அங்கீகாரத்தைத் திரும்பப் பெறவைக்கும் வேலையில் இறங்கியது. சுரினாம், புருண்டி, கானா, டோகோ என்று பட்டியல் நீண்டது. கொடுத்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பதிலேயே சட்ட அறிஞர்களிடம் ஒற்றுமை இல்லை. ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான் என்று பலர் சொல்வார்கள். அப்புறம், 2020-இல் வாஷிங்டன் நடத்திய பேச்சில் செர்பியா இந்த வேட்டையையும், கொசோவோ புதிய சர்வதேச அமைப்புகளில் சேரும் முயற்சியையும் ஓராண்டுக்கு நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன. இஸ்ரேல் கொசோவோவை அங்கீகரித்ததும் அந்தப் பேச்சின் விளைவுதான். 2025 மார்ச்சில் கென்யா அங்கீகரித்தது.

ஓர் இடம் நாடாக இருக்க என்ன வேண்டும் என்பதற்கு 1933 மான்டிவிடியோ உடன்படிக்கையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன். மற்றவர் அங்கீகரித்தாலும் இல்லாவிட்டாலும் நாடு நாடுதான் என்றும் அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. புத்தகத்தில் அது அழகாகத்தான் இருக்கிறது. பாதி அங்கீகாரத்தோடு வாழ்வது எப்படி என்று கொசோவோ மக்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

தொலைபேசிக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டுக்கு அது வாங்குவது சாதாரண விஷயம். கொசோவோவுக்கு 383 என்ற சொந்த எண் கிடைத்தது 2016 இறுதியில்தான், அதுவும் செர்பியாவோடு பேசிப் பெற்ற பிறகு. அதுவரை தரைவழி இணைப்புகள் செர்பியாவின் எண்ணிலும், கைபேசிகள் மொனாக்கோ, ஸ்லோவேனியா நாடுகளிடம் வாடகைக்கு வாங்கிய எண்களிலும் இயங்கின. மின்சாரம் இன்னும் விநோதம். வடக்கில் செர்பியர்கள் வாழும் நான்கு நகராட்சிகளில் பயன்படுத்திய மின்சாரத்துக்கு யார் பொறுப்பு என்ற சண்டையில், 2018 தொடக்கத்தில் ஐரோப்பா முழுவதையும் இணைக்கும் மின்கட்டமைப்பின் அலைவெண் குறைந்தது. மின் அலைவெண்ணை நம்பி ஓடும் அடுப்புக் கடிகாரங்களும் அலாரங்களும் போர்ச்சுகல் வரை ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கின. பிரிஷ்டினாவும் பெல்கிரேடும் ஒன்றையொன்று ஏற்காததன் விளைவை, அந்த ஊர்களின் பெயரே தெரியாதவர்கள் தங்கள் சமையலறையில் அனுபவித்தார்கள்.

விளையாட்டில் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறந்தது. ஜூடோ வீராங்கனை மைலிண்டா கெல்மெண்டி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அல்பேனியாவின் பெயரில்தான் களமிறங்க முடிந்தது. 2016 ரியோவில் கொசோவோவின் கொடியோடு வந்து தங்கம் வென்றார். அந்த நாடு பங்கேற்ற முதல் கோடைக்கால ஒலிம்பிக் அது. சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் 2009-லேயே சேர்த்துக்கொண்டன. யுனெஸ்கோ சேர்க்கவில்லை. 2015 வாக்கெடுப்பில் 92 ஆதரவு, 50 எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று வாக்குகள் குறைந்தன. காரணம் தெச்சானியும் பெச்சும்தான். அந்தக் கோயில்கள் யுனெஸ்கோ பட்டியலில் செர்பியாவின் பெயரில் இருக்கின்றன. 2004-இல் தேவாலயங்கள் எரிந்த படங்களைக் காட்டி, இவர்களிடம் எப்படி ஒப்படைப்பது என்று செர்பியா கேட்டது. அந்தக் கலவரத்தின் விலை இவ்வளவு தூரம் வந்தது.

கொசோவோவின் சாதாரண இளைஞர்களை நினைத்தால்தான் மிகவும் வருத்தமாக இருக்கிறது. மேற்கு பால்கனில் மற்ற எல்லா நாட்டவரும் விசா இல்லாமல் ஐரோப்பா போய்வந்துகொண்டிருந்தபோது, அவர்களுக்கு மட்டும் 2024 ஜனவரி 1 வரை அந்த வசதி இல்லை. போரைப் பார்த்திராத ஒரு தலைமுறை தூதரக வாசல்களில் காத்து நின்றே வளர்ந்தது. அதே போல வடக்கு மிட்ரோவிச்சாவில் இபார் ஆற்றின் மறுகரையில் வாழும் செர்பியர்கள் எந்த அரசை நம்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இழுபடுகிறார்கள். 2023 செப்டம்பரில் பான்ஸ்கா கிராமத்தில் ஆயுதமேந்திய செர்பியக் குழு ஒன்று தாக்கி, கொசோவோ காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அவர்களுடைய வாழ்க்கை இன்னும் இறுகிவிட்டது.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன ஒப்புதல் விஷயம். மாண்டினீக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் செர்பியாவோடு ஒரே கூட்டரசில் இருந்ததுதான். 2006 மே 21 அன்று வாக்கெடுப்பு. 55 விழுக்காடு தேவை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள், கிடைத்தது 55.5. செர்பியா சில வாரங்களில் ஏற்றுக்கொண்டது. ஜூன் 28 அன்று மாண்டினீக்ரோ ஐ.நா. உறுப்பினர். தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று பிறந்தது. முதலில் அங்கீகரித்ததே சூடான்தான். ஐந்து நாட்களில் ஐ.நா. இடம் கிடைத்தது. எரித்ரியா 1993-இல் எத்தியோப்பியாவின் சம்மதத்தோடு பிரிந்து, அதே மாதம் உள்ளே போனது. சோமாலிலாந்து 1991-லேயே பிரிந்து, தேர்தல்கள் நடத்தி, தன் பணத்தையும் அச்சடித்தது. சோமாலியா சம்மதிக்கவில்லை. 2025 டிசம்பரில் இஸ்ரேல் ஏற்கும் வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த ஐ.நா. உறுப்பு நாடும் அதை ஏற்கவில்லை.

நமக்கு அருகிலேயே இருக்கும் உதாரணம் பங்களாதேஷ். 1971 டிசம்பரில் இந்தியாவும் பூட்டானும் அங்கீகரித்தன. அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலான நாடுகள் ஏற்றுவிட்டன. ஆனாலும் 1972 ஆகஸ்டில் ஐ.நா. உறுப்பினராக முயன்றபோது சீனா வீட்டோ செய்தது. பாகிஸ்தானுக்காக. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் அங்கீகரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பங்களாதேஷ் உள்ளே வந்தது. வீட்டோ போட்ட சீனாவின் மனம் மாறியதற்கு டாக்காவில் எதுவும் நடக்கவில்லை, இஸ்லாமாபாத்தில் நடந்தது. கொசோவோவின் நிலையும் இதுதான். ஐ.நா.வில் சேரப் பாதுகாப்பு கவுன்சிலின் ஒன்பது வாக்குகள் வேண்டும், வீட்டோ இருக்கக் கூடாது, பிறகு பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு. இன்னும் இருபது நாடுகள் அங்கீகரித்தாலும் ரஷ்யாவும் சீனாவும் அசையப் போவதில்லை. பெல்கிரேடு எதிர்க்கும் வரை அவர்களுக்கு அசைய வேண்டிய காரணமும் இல்லை.

இதற்காகக் கொசோவோ மக்கள் செர்பியாவின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தங்களைக் கொன்று விரட்டிய ஓர் அரசிடம் போய் அனுமதி கேட்கச் சொல்வது கொடுமை. ஆனால் சட்டம் கொடுக்காத ஒன்றை எண்ணிக்கை கொடுத்துவிடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டியது இன்னொரு கொடுமை.

இப்போது விஷயம் எங்கே நிற்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலிருந்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிறது. 2013 பிரசல்ஸ் ஒப்பந்தத்தில், செர்பியர் பெரும்பான்மையாக உள்ள நகராட்சிகளுக்கு ஒரு சங்கம் அமைக்கக் கொசோவோ ஒப்புக்கொண்டது. இன்னும் அமைக்கவில்லை. அது நாட்டுக்குள் இன்னொரு அரசாகிவிடும் என்று பிரிஷ்டினா பயப்படுகிறது. போஸ்னியாவுக்குள் செர்பியக் குடியரசு தனி அரசு போலவே இயங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். 2023-இல் ஓஹ்ரித் நகரில் ஒரு ஏற்பாடு வாய்மொழியாக ஏற்கப்பட்டது. இரு தரப்பும் மற்றவரின் கடவுச்சீட்டையும் ஆவணங்களையும் ஏற்க வேண்டும், கொசோவோ சர்வதேச அமைப்புகளில் சேர்வதைச் செர்பியா எதிர்க்கக் கூடாது, செர்பியச் சமூகத்துக்குத் தகுந்த அளவு தன்னாட்சி வேண்டும். முழு அங்கீகாரம் என்ற சொல் அதில் இல்லை.

இது 1972-இல் இரு ஜெர்மனிகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒட்டி அமைந்தது. மேற்கு ஜெர்மனி கிழக்கை வெளிநாடாகக் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் எதிர்ப்பதை நிறுத்தியது. 1973 செப்டம்பரில் இரண்டும் ஒரே நாளில் ஐ.நா.வில் சேர்ந்தன. ஓஹ்ரித் ஏற்பாட்டில் செர்பியா இன்னும் கையெழுத்திடவில்லை. ஐ.நா. உறுப்பினர் பதவியை ஏற்க மாட்டோம் என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆனால் செர்பியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பினால், சேர்க்கைப் பேச்சின் 35-ஆம் அத்தியாயத்தில் கொசோவோவோடு உறவைச் சீராக்குவது ஒரு நிபந்தனையாக இருக்கிறது. அடுத்து எந்த நாடு அங்கீகரிக்கிறது என்பதை விட, அந்த அத்தியாயத்தில் செர்பியாவும் நகராட்சிச் சங்கத்தில் கொசோவோவும் என்ன செய்கின்றன என்பதைக் கவனித்து வாருங்கள்.